டெஸ்டை மாற்றி எழுதும்போது பச்சையைச் சந்தேகப்படுங்கள்

ஒரு இயங்குதளத்தின் இன்டக்ரேஷன் டெஸ்டுகளைப் புதிய ஃபிரேம்வொர்க்குக்கு மாற்றும்போது சிவப்பாக (தோல்வியாக) வருபவை பெரிய தொல்லை இல்லை. கண்ணில் படும், யாராவது சரிசெய்துவிடுவார்கள். எதையுமே சோதிக்காமல் பச்சை (தேர்ச்சி) காட்டுபவைதான் ஆபத்து.

நிக்ஸ் ஓஎஸ் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை எடுத்துக்கொள்வோம். அதன் டெஸ்ட், க்யூஎம்யூ என்ற விர்ச்சுவல் மெஷின் மென்பொருளில் ஒரு முழுக் கணினியையே பூட் செய்து, உள்ளே கட்டளைகளை ஓட்டிப் பார்க்கும். நெடுங்காலம் பெர்லில் இருந்த இவை 20.03 வெளியீட்டில் பைதானுக்கு வந்தன. டெஸ்டுகளை ஓட்டும் பழைய பெர்ல் டிரைவரை அந்த வெளியீட்டிலேயே தூக்கிவிடவில்லை. நல்ல முடிவு. தங்கள் டெஸ்டுகளைத் தனியாக வைத்திருந்தவர்களுக்கும் அவகாசம் கிடைத்தது.

ஃபங்ஷன் பெயர்களை மாற்றுவதை ஒரு ஸ்கிரிப்டே பார்த்துக்கொள்ளும். வம்பு, சரிபார்க்கும் வரியில் இருக்கிறது. பெர்லில் ‘இந்தச் சொல் அவுட்புட்டில் இல்லையென்றால் டை (பிழையோடு நின்றுவிடு)’ என்று எழுதியிருப்போம். பைதானில் ‘இந்தச் சொல் அவுட்புட்டில் இருக்கிறதா’ என்று மட்டும் எழுதி, முன்னால் அசெர்ட் (நிபந்தனை பொய்யானால் பிழையோடு நிறுத்தும் கட்டளை) போட மறந்தால் அது வாயே திறக்காது. விடை ‘இல்லை’ என்றாலும் அடுத்த வரிக்குப் போய்விடும். அசெர்ட் போட்டும் கோட்டை விடலாம்: நிபந்தனையையும் பிழைச்செய்தியையும் சேர்த்து ஒரே அடைப்புக்குறிக்குள் வைத்தால் அது டியூப்பிள் (பல மதிப்புகளின் தொகுப்பு) ஆகிவிடும், பைதானுக்கு அது எப்போதும் உண்மைதான். பைதான் எச்சரிக்கை தரும், சரி. பூட் லாக் நடுவே அதை யார் படிக்கிறார்கள்?

ஆகவே ஒவ்வொரு டெஸ்டையும் மாற்றி முடித்ததும் வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள். சோதிக்கப்படும் சர்வீஸை எனேபிள் செய்யும் வரியை கமென்ட் ஆக்கிவிட்டு ஓட்டுங்கள். சிவப்பு வராவிட்டால் மெர்ஜ் செய்யாதீர்கள். ரிவ்யூவில் நான் முதலில் கேட்பது அந்தத் தோல்வி லாகைத்தான்.

லினக்ஸில் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி, தன் டெஸ்டுகளை எம்கேஓஎஸ்ஐ என்ற ஓஎஸ் இமேஜ் உருவாக்கும் கருவிக்கு மாற்றியபோது செய்த ஒரு சின்ன வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். டெஸ்ட் தேறினால் விர்ச்சுவல் மெஷின் 123 என்ற எக்ஸிட் கோடுடன் (முடிவைச் சொல்லும் எண்ணுடன்) வெளியேற வேண்டும். டெஸ்ட் ஓடாமலே மெஷின் ஒழுங்காக ஷட்டவுன் ஆகி 0 தந்தால் அது தேர்ச்சியில் சேராது.

77 வந்தால் ஸ்கிப், அதாவது டெஸ்ட் ஓட்டாமல் தவிர்க்கப்பட்டது. ஸ்கிப் ஆனது தோல்விக் கணக்கில் வராது என்பதால் அதையும் கவனிக்க வேண்டும். டெஸ்டை ஓட்டும் புதிய ரன்னரில் கேவிஎம் (லினக்ஸின் விர்ச்சுவல் மெஷின் வசதி) இல்லாததால்கூட டெஸ்ட் சத்தமில்லாமல் ஸ்கிப் ஆகலாம். பழைய, புதிய ஸ்கிப் பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பழைய டெஸ்டுகளின் டைரக்டரியை அழியுங்கள்.