ஃபீஸ் கட்டும் முன் ஹாட் லேபைப் பாருங்கள்

போன மாதம் ஒரு அம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் டிபார்ட்மென்டுக்கு வந்திருந்தார். பிளஸ் டூவில் நல்ல மார்க், நீட் கைகொடுக்கவில்லை. நியூக்ளியர் மெடிசின் டெக்னாலஜி படிக்க வையுங்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மகள் தண்ணீர் குடிக்க எழுந்து போனதும் அந்த அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மேடம், பொம்பளப் பிள்ளை. நாளைக்குக் கல்யாணம், குழந்தைன்னு வரும்போது இந்தக் கதிர்வீச்சால ஒண்ணும் ஆயிடாதே?"

நான் படிக்கப் போனபோது என் அம்மா கேட்டதும் இதேதான். எனக்கு இப்போது இரண்டு குழந்தைகள். அதை அவரிடம் சொன்னேன். ஆனால் என் குழந்தைகளைப் பார்த்து மட்டும் அவர் நம்பிவிடக் கூடாது என்பதால் கணக்கையும் சொன்னேன். நம் நாட்டில் கதிர்வீச்சுப் பணியாளர் வாங்கக்கூடிய அளவு, ஐந்து ஆண்டுகளின் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பில் பட்ட கதிரை அளக்கும் அலகு). எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. கர்ப்பம் என்று தெரிவித்த நாளிலிருந்து வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகாதபடி வேலையை மாற்றிக் கொடுக்க வேண்டும். எங்கள் மேல் பட்ட கதிரைப் பதிவு செய்ய மார்பில் குத்தியிருக்கும் டி.எல்.டி. பேட்ஜ் மூன்று மாதத்துக்கு ஒரு முறை சோதனைக்குப் போய்க் கணக்கு வரும். இத்தனை வருடத்தில் என் கணக்கு அந்த வரம்புக்குப் பக்கத்தில்கூடப் போனதில்லை. 18 வயது நிறையாதவரைக் கதிர்வீச்சுப் பணியாளராக வைக்கவும் சட்டம் அனுமதிக்காது.

சரி, இந்தப் படிப்பில் அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள்? எக்ஸ்ரேயில் கதிர் மெஷினிலிருந்து வருகிறது. எங்களிடம் கதிர் நோயாளியின் உடம்பிலிருந்து வருகிறது. மிகச் சிறிய அளவு கதிரியக்க மருந்தை ரத்த நாளத்தில் ஏற்றுகிறோம். அது எலும்புக்கோ சிறுநீரகத்துக்கோ இதயத்துக்கோ போய்ச் சேர்ந்ததும் காமா கேமரா வெளியே நின்று படம் பிடிக்கிறது. உறுப்பு எப்படி இருக்கிறது என்பதைவிட, எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான் இந்தப் படம் நன்றாகக் காட்டும்.

அந்த மருந்து பிறக்கும் இடம்தான் ஹாட் லேப். காலையில் நோயாளிகள் வருவதற்கு முன்பே எங்கள் வேலை அங்கே தொடங்கிவிடும். ஈயக் கவசத்துக்குள் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய், அதில் அலுமினா என்ற பொடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் மாலிப்டினம்-99 என்ற கதிரியக்கப் பொருள். இந்த அமைப்புக்குத்தான் ஜெனரேட்டர் என்று பெயர். மாலிப்டினம் சிதைந்து, எங்கள் மருந்துக்குத் தேவையான டெக்னீஷியம்-99எம் ஆகிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் சலைன் பாட்டில், மறு பக்கம் காற்றை உறிஞ்சியெடுத்த வெற்றுப் பாட்டில். சலைன் குழாய் வழியாக ஓடும்போது டெக்னீஷியம் மட்டும் கரைந்து வரும், மாலிப்டினம் அங்கேயே தங்கிவிடும். பால் கறப்பது என்றுதான் நாங்கள் சொல்வோம். ஜெனரேட்டருக்கு நாங்கள் வைத்த செல்லப் பெயரே பசு. கறந்ததை அப்படியே ஊசியில் ஏற்றிவிட முடியாது. மாலிப்டினம் கொஞ்சம்கூட நழுவி வந்திருக்கிறதா என்று தினமும் முதல் கறவையில் சோதிக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் நோயாளிக்குத் தேவையில்லாத கதிர் போய்விடும்.

அப்புறம் நேரம். டெக்னீஷியத்தின் அரை ஆயுள், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், 6 மணி நேரம். காலை 8 மணிக்கு 400 மில்லிகியூரி இருந்தால் மதியம் 2 மணிக்கு 200தான். பெட் (PET) ஸ்கேனுக்குப் பயன்படும் ஃபுளோரின்-18-க்கு 110 நிமிடம்தான். நோயாளி டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டார் என்றால் இங்கே மருந்து கரைந்துகொண்டிருக்கும். நல்ல கல்லூரியில் முதலில் வெறும் சலைனை வைத்து, டங்ஸ்டன் கவசம் போட்ட சிரிஞ்சில் திரும்பத் திரும்ப எடுக்க வைப்பார்கள். கை தடுமாறாமல் சீக்கிரம் முடித்தால் விரலுக்குப் போகும் கதிர் குறையும். தூரத்தை இரண்டு மடங்காக்கினால் கதிர் கால் பங்காகிவிடும். புத்தகத்தில் ஒரு வரியில் முடிகிற பாடம், கையில் ஏற மாதக்கணக்காகும்.

இன்டர்னாக இருந்தபோது நான் பண்ணவிருந்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். புராஸ்டேட் புற்றுநோய் வந்த ஒரு தாத்தாவுக்கு எலும்பு ஸ்கேன். மருந்து ஏற்றி மூன்று மணி நேரம் கழித்துப் படம் எடுத்தால் வலது தொடையில் பளிச்சென்று ஒரு புள்ளி. புற்று எலும்புக்குப் பரவிவிட்டது என்றே நினைத்தேன். அவரை இறக்கிவிடப் போகும்போது சீனியர் சார் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, தாத்தாவை வேட்டி மாத்தச் சொன்னியா?" நான் சொல்லவில்லை. இந்த மருந்து சிறுநீரில்தான் வெளியேறும்; வேட்டியில் சிந்திய துளியும் படத்தில் புள்ளியாகத் தெரியும். வேட்டியை மாற்றி, தொடையைத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தோம். புள்ளி இல்லை. அன்று அவர் கேட்டிருக்காவிட்டால், இல்லாத பரவலுக்கு அந்தக் குடும்பம் எத்தனை நாள் அழுதிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

இதையெல்லாம் ஓடுகிற டிபார்ட்மென்டில், அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் நின்றுதான் கற்க முடியும். அதனால்தான் கல்லூரி விஷயத்தில் கறாராக இருங்கள் என்கிறேன். சென்ற ஆண்டு வேலை கேட்டு ஒரு தம்பி வந்தார். மூன்று வருடம் படித்திருக்கிறார், மார்க் ஷீட்டும் நன்றாகவே இருந்தது. ஆனால் பால் கறப்பதைத் தள்ளி நின்று இரண்டு முறை பார்த்ததோடு சரி. அதைவிடப் பெரிய அடி, அவர் படிப்பு, நாட்டில் கதிர்வீச்சுப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் (AERB) அங்கீகாரப் பட்டியலில் இல்லை. அது இல்லாமல் எந்த ஆஸ்பத்திரியும் அவரை நியூக்ளியர் மெடிசின் டெக்னாலஜிஸ்டாக வைத்துக்கொள்ள முடியாது. அவர் அப்பா கடன் வாங்கித்தான் படிக்க வைத்திருக்கிறார். என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பட்டியலை வாரியத்தின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். கல்லூரி அச்சடித்த பிராஸ்பெக்டஸை மட்டும் நம்ப வேண்டாம். பி.எஸ்.சி. முடித்தவர்களுக்கு மும்பை பரேலில் உள்ள கதிர்வீச்சு மருத்துவ மையத்தின் படிப்பும் இருக்கிறது; இந்தத் துறையில் அதற்கு நல்ல மரியாதை.

அந்த அம்மாவிடம் கடைசியாக ஒன்றுதான் சொன்னேன்: பணம் கட்டுவதற்கு முன் ஹாட் லேபைக் காட்டச் சொல்லுங்கள், வாரத்துக்கு எத்தனை ஸ்கேன் நடக்கிறது என்று கேளுங்கள். பத்து நாள் கழித்துப் போன் பண்ணினார். முதலில் போன கல்லூரியில், "லேப் எல்லாம் டை-அப் ஆஸ்பத்திரியில இருக்கு" என்றார்களாம். ஆஸ்பத்திரி பெயரைக் கேட்டுக்கொண்டு அம்மாவும் மகளும் நேரே அங்கேயே போயிருக்கிறார்கள். அங்கே காமா கேமராவே இல்லையாம். இப்போது அடுத்த கல்லூரியைப் பார்க்கப் போகிறார்கள்.