தோற்ற வட்டாரத்து வாக்கு எங்கே போகிறது?

மாங்குளத்திலிருந்து ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "2025 மே 6ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் எங்கள் வட்டாரத்தில் நான் புள்ளடி இட்ட கட்சி தோற்றுவிட்டது. பிறகு பார்த்தால் அதே கட்சிக்காரர் ஒருவர் பிரதேச சபையில் உறுப்பினராக இருக்கிறார். எந்த வழியால் உள்ளே போனார்? என் வாக்கு வீணா, இல்லையா? இன்னொன்று: சந்தை எங்கே வரவேண்டும் என்பது போன்ற விடயங்களில் ஊர்ச்சனம் நேரடியாக வாக்களிக்க ஏன் வழியில்லை?"

முதற்கேள்விக்கு விடை, வீணில்லை. அந்த வாக்கு எப்படிப் பயணம் செய்கிறது என்பது பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த எவருக்கும் புரியும். புரிந்துவிட்டால் தேர்தல் நாளில் "எங்கள் ஆள் எப்படியும் தோற்கத்தான் போகிறார்" என்று வீட்டில் படுத்திருக்க மனம் வராது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் 2012ஆம் ஆண்டு உள்ளூராட்சித் தேர்தல் சட்டம், சபை உறுப்பினர்களில் 70 வீதத்தினர் வட்டாரங்களிலிருந்தும் 30 வீதத்தினர் கட்சிகள் கொடுக்கும் பெயர்ப் பட்டியலிலிருந்தும் வரவேண்டும் என்றது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 60க்கு 40 என்று மாற்றியது. அந்த விகிதத்தில் முதல் தேர்தல் 2018 பெப்ரவரி 10இல் நடந்தது. பெண்களுக்கு நான்கில் ஒரு பங்கு ஒதுக்கீடும் இந்த முறையோடுதான் வந்தது. வாக்குச்சீட்டு ஒன்றே, இடவேண்டிய புள்ளடியும் ஒன்றே. ஆனால் அந்த ஒரு புள்ளடி இரண்டு தடவை வேலை செய்கிறது. முதலில், வட்டாரத்தில் யார் வென்றார் என்பதைத் தீர்மானிக்கிறது. அடுத்து, சபைப் பரப்பு முழுவதிலும் அந்தக் கட்சியோ சுயேச்சைக் குழுவோ பெற்ற மொத்த வாக்குகளோடு சேர்ந்து, எத்தனை ஆசனங்களுக்கு அதற்கு உரிமை உண்டு என்பதைத் தீர்மானிக்கிறது. வாசகரின் வாக்கு முதல் வேலையில் தோற்றது. இரண்டாவது வேலையைச் செய்து முடித்திருக்கிறது.

கற்பனையாக ஒரு பிரதேச சபையை எடுத்துக்கொள்வோம். கட்சிப் பெயர்கள் வேண்டாம்; வன்னிக் காட்டு மரங்களின் பெயர்களை வைக்கிறேன். சபையில் 12 வட்டாரங்கள், 8 பட்டியல் ஆசனங்கள், மொத்தம் 20. செல்லுபடியான வாக்குகள் 10,000. பாலை அணிக்கு 4,350, முதிரைக்கு 2,900, வீரைக்கு 1,780, கருங்காலிக்கு 970. பத்தாயிரத்தை இருபதால் வகுத்தால் 500. இதை ஆசன அளவு என்று வைத்துக்கொள்வோம். 500 வாக்குகளுக்கு ஓர் ஆசனம்.

பாலையின் வாக்குகளில் 500 எட்டு தடவை போகும், மீதி 350. முதிரையில் ஐந்து தடவை, மீதி 400. வீரையில் மூன்று தடவை, மீதி 280. கருங்காலியில் ஒரு தடவை, மீதி 470. ஆக 17 ஆசனங்கள் போய்விட்டன, மூன்று எஞ்சியிருக்கின்றன. அவற்றைப் பெரிய மீதி உள்ளவர்களுக்கு வரிசையாகக் கொடுக்க வேண்டும்: கருங்காலி, முதிரை, பாலை. இறுதி உரிமை பாலைக்கு 9, முதிரைக்கு 6, வீரைக்கு 3, கருங்காலிக்கு 2.

வட்டாரங்களில் பாலை 8, முதிரை 3, வீரை 1 என்று வென்றிருந்தால், அந்த எண்களை உரிமையிலிருந்து கழிக்க வேண்டும். மிஞ்சுவதுதான் பட்டியல் ஆசனம்: பாலைக்கு 1, முதிரைக்கு 3, வீரைக்கு 2, ஒரு வட்டாரத்தையும் வெல்லாத கருங்காலிக்கு 2. மாங்குளத்து வாசகர் கண்ட உறுப்பினர் உள்ளே போன வழி இதுதான்.

எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த இடம் அந்த மீதிகள்தான். இரணைமடுவின் கீழ் சிறுபோகத்துக்குத் தண்ணீர் குறைந்த வருடத்தில் கூட்டம் கூடிப் பங்கு பிரிக்கும்போது ஒன்றரை ஏக்கர், முக்கால் ஏக்கர் என்று கொடுத்துவிடலாம். ஆசனத்தை அப்படி உடைக்க முடியாது; 0.7 உறுப்பினர் என்று ஒருவர் இல்லை. ஆகவே அந்த உடைந்த துண்டுகளை யாருக்கு முழுதாக்கிக் கொடுப்பது என்ற இடத்தில்தான் மிகச் சிறிய எண்ணிக்கைகள் பெரிய வேலை செய்கின்றன.

கடைசி ஆசனம் பாலைக்குப் போனது, 350க்கு 280 என்ற வித்தியாசத்தில். இடைவெளி 70. வாக்களிக்காமல் வீட்டில் இருந்த வீரை ஆதரவாளர்கள் வந்திருந்தால் அந்த ஆசனத்தைப் பிடிக்க எத்தனை பேர் தேவைப்பட்டிருப்பார்கள்? 71 என்று சொல்லத் தோன்றும். விடை 57. ஏன் குறைகிறது என்பதுதான் அழகு. புதிதாக ஒரு வாக்கு விழும்போது மொத்தம் கூடுகிறது. மொத்தம் கூடினால் ஆசன அளவும் சிறிது கூடுகிறது. ஏற்கெனவே எட்டு முழு ஆசனங்கள் வைத்திருக்கும் பாலை, அந்தக் கூடுதலை எட்டு தடவை தன் மீதியிலிருந்து கொடுக்க வேண்டும். மூன்று ஆசனங்கள் வைத்திருக்கும் வீரை மூன்று தடவை கொடுத்தால் போதும். 57 பேர் வந்தால் மொத்தம் 10,057, ஆசன அளவு 502.85. பாலையின் மீதி 327.2 ஆக இறங்குகிறது. வீரையின் மீதி 328.45 ஆக ஏறுகிறது. ஆசனம் கைமாறிவிட்டது. 56 பேர் மட்டும் வந்திருந்தால் இருவரின் மீதியும் 327.6 என்று சரிசமமாக நின்றிருக்கும். கடதாசியும் பேனையும் எடுத்து ஒரு தடவை நீங்களே செய்து பாருங்கள். இந்த இன்பத்தை நான் எழுதிக் கொடுக்க முடியாது.

அந்த 57 பேர் ஒரே வட்டாரத்தில் இருக்க வேண்டியதில்லை என்பதையும் கவனியுங்கள். வட்டாரத்துக்கு ஐந்து பேர் என்று சிதறியிருந்தாலும் கணக்கு அவர்களைச் சேர்த்துவிடும். வீரை எந்த வட்டாரத்திலும் வெல்ல வாய்ப்பில்லாத அணியாக இருந்தாலும் விடை மாறாது. நிராகரிக்கப்பட்ட வாக்குகள் மட்டும் இந்த வகுத்தலுக்குள் நுழைவதே இல்லை. கோபத்தில் சீட்டில் எதையாவது எழுதிவிட்டு வருகிறவரும் வாக்குச்சாவடிக்கே போகாதவரும் கணக்கின் கண்ணுக்கு ஒன்றுதான்.

மீதியை வைத்துப் பங்கிடும் இந்த அளவை 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துச் சட்டத்தரணி தோமஸ் ஹெயரின் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். வன்னித் தேர்தல் மாவட்டத்தின் ஆறு நாடாளுமன்ற ஆசனங்களும், முதலிடம் பெற்ற கட்சிக்குப் போகும் ஒரு போனஸ் ஆசனம் தவிர, பெரிய மீதி முறையிலேயே பங்கிடப்படுகின்றன. முறைக்கு ஒரு வினோதமான குறையும் உண்டு. அமெரிக்காவில் 1880 குடிசன மதிப்பீட்டுக்குப் பிறகு, மாநிலங்களுக்கு ஆசனம் பங்கிட்டுப் பார்த்த சீட்டன் என்ற அலுவலர், சபையில் 299 ஆசனங்கள் இருந்தால் அலபாமாவுக்கு 8 கிடைக்கும், 300 ஆக்கினால் 7தான் கிடைக்கும் என்று கண்டார். மொத்தம் கூடுகிறது, ஒருவருடைய பங்கு குறைகிறது! வாக்குக் கூடியவரின் ஆசனம் வாக்குக் குறைந்தவருக்குப் போவது போன்ற இத்தகைய முரண்பாடுகள் எதுவும் இல்லாமல், எவருடைய ஆசனங்களும் அவருடைய பங்கை ஒட்டிய முழு எண்களைத் தாண்டாமல், எந்த முறையையும் வகுக்க முடியாது என்று பலின்ஸ்கி, யங் என்ற இரு கணிதவியலாளர்கள் 1980களின் தொடக்கத்தில் நிறுவிக் காட்டினார்கள். "குறையே இல்லாத தேர்தல் முறை கொண்டுவருவோம்" என்று மேடையில் சொல்பவரிடம் இந்தத் தேற்றத்தைப் பற்றிக் கேளுங்கள்.

எங்கள் முறையில் இதைவிடப் பெரிய ஓட்டை வேறொன்று. அதே வாக்குகள்தான், ஆனால் பாலை எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் முன்னே நின்று 12 வட்டாரங்களையும் வென்றுவிட்டது என்று வையுங்கள். உரிமை 9, வென்றது 12. வட்டாரத்தில் வென்றவரை வெளியே போ என்று சொல்ல முடியாது. மற்றவர்களின் 6, 3, 2 ஆசனங்களையும் பறிக்க முடியாது. ஆகவே சபை 23 ஆக வீங்குகிறது. 23இல் 12 என்றால் பாதிக்கு மேல். 43.5 வீத வாக்குப் பெற்ற அணி தனித்து ஆளும். ஜேர்மனியில் இப்படி வந்த மிகை ஆசனங்களும் அவற்றை ஈடுசெய்யக் கொடுத்த ஆசனங்களும் சேர்ந்து, 598 பேருக்கான நாடாளுமன்றத்தை 2021இல் 736 பேராக்கின. அங்கே 2023இல் சட்டத்தை மாற்றி அதை நிறுத்தினார்கள். நாங்களும் இதைத் திறந்த மனதோடு பேச வேண்டும்.

மறுபடி முதற் கணக்குக்கு வருகிறேன். அங்கே பாலையும் கருங்காலியும் சேர்ந்தால் 11, தவிசாளர் அவர்களுடையவர். அந்த 57 பேர் வாக்களித்திருந்தால் பாலை 8, கருங்காலி 2. எதிரே முதிரை 6, வீரை 4. பத்துக்குப் பத்து. தவிசாளர் தெரிவில் வாக்குகள் சமமானால் திருவுளச்சீட்டுப் போடுவார்கள். 2018க்குப் பிறகு பல சபைகளில் அப்படி நடந்திருக்கிறது. சீட்டில் வந்தவரைக் கடவுள் தேர்ந்தெடுத்ததாகச் சிலர் மாலை போடுகிறார்கள். வேட்புமனுவை எந்தச் சுபநேரத்தில் கொடுப்பது என்று சோதிடரிடம் போகிறவர்களும் குறைவில்லை. கோயிலுக்குப் போவது அவரவர் விருப்பம். அதில் எனக்கு ஒரு சொல்லும் இல்லை. ஆனால் இரண்டு சீட்டில் ஒன்றை எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் வாய்ப்புப் பாதிதான். அந்தப் பாதி வாய்ப்பை உண்டாக்கியவர்கள் வாக்களிக்க வந்த 57 பேர். மாலை அவர்களுக்குப் போக வேண்டும்.

வாசகரின் இரண்டாவது கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. இந்த நாட்டில் சர்வசன வாக்கெடுப்பு ஒரே ஒரு தடவை, 1982 டிசம்பர் 22இல், நாடாளுமன்றத்தின் ஆயுளை நீடிப்பதா என்ற கேள்விக்கு நடந்தது. ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். ஊரின் சந்தைக்கும் கிரவல் வீதிக்கும் அப்படி வாக்கெடுப்பு நடத்தும் வழக்கம் இங்கே இல்லை. அவற்றை முடிவு செய்வது சபையில் உயரும் கைகள். கைகள் இருபதே என்பதால், மீதியில் கிடைத்த ஓர் ஆசனம் சந்தையின் இடத்தையே மாற்றக்கூடும்.

2023 மார்ச் 9இல் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்று தள்ளிப்போனது; அது வாக்காளரின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தலுக்கே பணமில்லை என்ற நாட்டில் தேர்தல் ஆய்வுக்குப் பணம் கேட்பது கடினம்தான். ஆனாலும் கேட்கிறேன். வவுனியாப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கும் பிள்ளைகளுக்குச் சிறிய நிதி கொடுத்து, கரைச்சி முதல் வெங்கலச்செட்டிகுளம் வரை வட்டார வாரியான முடிவுகளை எல்லோரும் திறந்து பார்க்கக்கூடிய ஒரே அட்டவணையாக்கச் சொன்னால், எந்தச் சபையில் கடைசி ஆசனம் எத்தனை வாக்கில் கைமாறியிருக்கும் என்று அவர்கள் காட்டிவிடுவார்கள். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி உங்கள் சபையின் முடிவுகளைக் கேட்டு வாங்கலாம். மொத்தத்தை ஆசனங்களால் வகுத்து, மீதிகளை வரிசையாக எழுதுங்கள். கடைசியாக ஆசனம் பெற்றவரின் மீதிக்கும் அடுத்தவரின் மீதிக்கும் உள்ள இடைவெளியை உங்கள் வட்டாரத்தில் அன்று வாக்களிக்காதவர்களின் எண்ணிக்கையோடு வைத்துப் பாருங்கள்.