கூட்டத்தில் கையொப்பம் இடுமுன் கேட்க வேண்டிய கடதாசிகள்

உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாயைத் தாண்டும் எந்தத் திட்டமானாலும், வேலை தொடங்குவதற்கு 3 மாதங்களுக்கு முன்னரே அதனால் பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு விபரம் தெரிவிக்க வேண்டும் என்று இலங்கையின் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவு கூறுகிறது. அவசர வேலைக்கும் ஒரு வார முன்னறிவித்தல் வேண்டும்.

வன்னியில் நடப்பது வேறு. குளக்கட்டை உயர்த்தும் வேலைக்காகப் பொதுநோக்கு மண்டபத்துக்கு அழைக்கப்பட்ட ஊரவர்கள் வரவுப் பதிவேட்டில் இட்ட கையொப்பம், பின்னர் அவர்களுடைய சம்மதமாகக் காட்டப்பட்டதையும், குளத்து நீர் ஏறி இறங்கும் அலைகரையோரம் பயிர் செய்த குடும்பங்கள் நீர் ஏறிய காணிக்குப் பதில் கேட்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். ஆகவே பதிவேட்டின் தலைப்பை வாசியுங்கள். அது வெறுமையாக இருந்தால், "கூட்டத்துக்குச் சமூகமளித்தேன்" என்று எழுதிய பின்னரே கையொப்பம் இடுங்கள்.

அடுத்த சிக்கல், வேலை பற்றிய தகவலை இந்தச் சட்டப்படி கேட்க எந்த வாசலுக்குப் போவது என்பது. 200 ஏக்கர் வரை பாசனம் செய்யும் சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளன. அதற்கு மேற்பட்டவை நீர்ப்பாசனத் திணைக்களங்களுக்கு உரியவை. ஓர் அலுவலகம் மற்றதைக் கைகாட்டினால், அந்தப் பதிலை எழுத்தில் கேளுங்கள், ஏனெனில் வாய்ப்பேச்சை வைத்து மேன்முறையீடு செய்ய முடியாது.

"சங்கத் தலைவர் வரட்டும்", "எதற்காகக் கேட்கிறீர்கள்", "படிவம் முடிந்துவிட்டது" என்று திருப்பி அனுப்புவார்கள். இந்த மூன்றுக்கும் சட்டத்தில் இடமில்லை. எந்தப் பிரசையும் தனியாகக் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. வெற்றுத்தாளில் எழுதிக் கொடுத்தாலும் போதும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுதிக்கொள்வது, அந்த அலுவலகத்தில் இக்கோரிக்கைகளைக் கையாளும் தகவல் அலுவலரின் கடமை. அங்கத்தவரில் நான்கில் மூன்று பங்கினராவது பிரசைகளாக இருந்தால், கமக்காரர் அமைப்போ மாதர் சங்கமோ தன் பெயரிலேயே கேட்கலாம் என்பதால், தனியொருவர் அதிகாரிகளின் கோபத்துக்கு ஆளாக வேண்டியதில்லை.

"எல்லா விபரமும் தாருங்கள்" என்று எழுதாதீர்கள். ஆவணங்கள் அதிகம் என்று காட்டி மேலும் 21 நாட்கள் வரை நீட்டிக்க அது வழிவிடும். வேலையின் மதிப்பீடு, நீர் ஏறும் எல்லையைக் காட்டும் வரைபடம், ஒப்பந்தகாரரின் பெயர், ஊரவரின் கூலிக்கு ஒதுக்கிய தொகை ஆகிய நான்கையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். கோரிக்கையைக் கொடுத்ததற்கான பற்றுச்சீட்டு வாங்காமல் திரும்பக் கூடாது. முடிவு தர வேண்டிய 14 வேலை நாட்களுக்கு உங்களிடம் உள்ள சான்று அது ஒன்றுதான்.

மறுத்தால், அல்லது பதிலே வராவிட்டால், அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டை விசாரிக்கும் அலுவலரிடம் 14 நாட்களுக்குள் முறையிட வேண்டும். "பெரியவரைக் கண்டு பேசிப் பார்ப்போம்" என்று காத்திருந்து இந்த 14 நாட்களைத் தவறவிட்டவர்களே அதிகம். அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால், 2 மாதங்களுக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு எழுதலாம். அதனுடன் பற்றுச்சீட்டின் பிரதியை இணையுங்கள், மூலத்தை எவரிடமும் கொடுக்காதீர்கள்.