உருமறைப்பு: மாறுவேடம் அன்று

உக்ரைனியப் பெண்கள் போர்முனைக்கு வலை செய்து அனுப்பும் செய்தி வரும்போதெல்லாம் ‘மாறுவேட வலை’ என்ற தொடரும் கூடவே வந்துவிடுகிறது. படைக்கருவிகளை எதிரியின் கண்ணுக்குப் புலப்படாமல் செய்யும் கேமஃப்ளாஜ் (camouflage) என்பதற்கு உருமறைப்பு என்ற நல்ல சொல் வழக்கில் இருக்கும்போது இது எதற்கு என்று விளங்கவில்லை.

‘கமூஃப்ளே’ என்னும் பிரெஞ்சு வினைக்கு ஆளை அடையாளம் தெரியாமல் ஆக்குதல் என்பதே பழைய பொருள். ‘மாறுவேடம்’ என்ற சொல்லை ஆதரிப்போர் காட்டும் சான்றும் அதுவே. ஆனால் 1915இல் பிரெஞ்சுப் படை இதற்கெனத் தனிப்பிரிவு அமைத்து, பீரங்கிகளை எதிரி விமானங்களின் பார்வையிலிருந்து மறைக்கத் தொடங்கியபின் அச்சொல்லின் பொருள் வேறாகிவிட்டது. மாறுவேடத்தில் நகர்சோதனைக்குப் புறப்படும் அரசன் எல்லார் கண்ணிலும் படுகிறான். அவன் யாரென்பது மட்டுமே தெரிவதில்லை. வலைக்கடியில் நிற்கும் பீரங்கியோ, விளிம்பும் நிழலும் சிதைந்து, நிலத்தோடு நிலமாகிவிடுகிறது. அங்கே வேடம் எதுவும் இல்லை.

முதல் உலகப்போரில் கப்பல்களுக்குத் தாறுமாறான பட்டைகள் தீட்டியது மறைப்பே அல்லவே என்று சிலர் கேட்கிறார்கள். 1917இல் பிரிட்டிஷ் ஓவியர் நார்மன் வில்கின்சன் வகுத்த முறை அது. லண்டன் ராயல் அகாதமியில் இயங்கிய அவரது பிரிவில், ஓவியம் பயின்ற பெண்கள் சிறு மரக் கப்பல்களுக்கு வண்ணம் தீட்டினர். அவற்றைச் சுழல்மேடையில் வைத்து, நீர்மூழ்கியிலிருந்து நீர்ப்பரப்பைக் காண உதவும் பெரிஸ்கோப் வழியே பார்த்துச் சோதித்தனர். கப்பல் கண்ணுக்குத் தெரியும். அது எத்திசையில், எவ்வளவு வேகத்தில் செல்கிறது என்பதை நீர்மூழ்கியின் தளபதி சரியாகக் கணிக்க முடியாமல் குழம்பவேண்டும் என்பதே நோக்கம். மறைவது கப்பலன்று, அதன் உரு. ஆகவே உருமறைப்பு இங்கேயும் பொருந்துகிறது, இதனை வேறுபடுத்திக் காட்ட விரும்புவோர் ‘கண்மயக்கு வண்ணம்’ எனலாம்.

பெயரைவிட வினைச்சொல்லில்தான் மொழிபெயர்ப்பாளர்களின் அக்கறையின்மை அதிகம் உறுத்துகிறது. ‘பெண்கள் வலை நெய்கிறார்கள்’ என்று எழுதுகிறார்கள். தறியும் இல்லை, ஊடும் பாவும் இல்லை. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் பெண்கள் தன்னார்வப் பணியினர், உயரத்தில் தொங்கவிட்ட ஆயத்த வலைகளில் சாயமேற்றிய சாக்குத்துணிக் கீற்றுகளைக் கண்ணி கண்ணியாகக் கோத்தனர். நார்த்தூசி தொண்டையை அடைக்கும் வேலை அது. உக்ரைனிலும் பழைய மீன்பிடி வலைகளில் துணிக்கீற்றுகளைக் கோத்து முடிகிறார்கள். பனிக்காலத்துக்கு வெள்ளை, கோடைக்குப் பச்சை, இலையுதிர்காலத்துக்குப் பழுப்பு. கோத்தல், முடிதல் என்று பூத்தொடுக்கும் வீடுகளில் அன்றாடம் புழங்கும் சொற்கள் இருக்க, செய்தியை எழுதுவோர் கைவேலையைப் பாராமல் மூலச்சொல்லுக்கு அகராதி தரும் முதற்பொருளை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள்.