ஓடும்போதே மாற்ற வேண்டிய சர்வர்

கோவை, திருப்பூர் வட்டாரத்து நூற்பாலைகள், பின்னலாடை நிறுவனங்கள், உதிரிபாகத் தொழிற்கூடங்கள் ஆகியவற்றின் கணக்கு அறைகளில் இருக்கும் சர்வர்களை, அதாவது நிறுவனத்தின் தரவுகளை வைத்து மற்றக் கணினிகளுக்கு வழங்கும் மையக் கணினிகளைப் பராமரிப்பது என் தொழில். "நன்றாகத்தானே ஓடுகிறது, இப்போது எதற்கு மாற்ற வேண்டும்?" என்பதுதான் முதலாளிகள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி. அது நியாயமான கேள்வி. அதே பணத்தில் புதிய தையல் இயந்திரங்கள் வாங்கினால் உற்பத்தி கூடும். சர்வர் வாங்கினால் கண்ணுக்குத் தெரியும் பலன் ஏதும் இருக்காது. ஆனாலும் பழைய சர்வர் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் காலத்தில்தான் அதிலுள்ள தரவுகளை நிதானமாக, சரிபார்த்துப் புதியதற்குக் கொண்டுபோக முடியும். அது நின்ற பிறகு செய்வது மீட்பு வேலை. அதற்கு ஆகும் நாளும் செலவும் நம் கையில் இருப்பதில்லை.

எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதற்குப் பொதுவான ஒரே எண் கிடையாது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சர்வர்களுக்கு 6 ஆண்டுகளையும், மேசைக் கணினி, மடிக்கணினிகளுக்கு 3 ஆண்டுகளையும் பயன்பாட்டுக் காலமாகக் கொள்கிறது. அது தேய்மானக் கணக்குக்காக வகுக்கப்பட்ட காலம். இயந்திரம் அதுவரை உழைக்கும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை. மைக்ரோசாஃப்ட் 2022இலும் கூகுள் 2023இலும் தங்கள் சர்வர்களின் ஆயுளை 6 ஆண்டுகளாக நீட்டித்ததைச் சிலர் எனக்கு எடுத்துக்காட்டுவார்கள். அந்த நிறுவனங்களில் ஒரு சர்வர் நின்றால் அதன் வேலையை வேறொன்று உடனே எடுத்துக்கொள்ளும்படி மென்பொருள் அமைந்திருக்கிறது. டாலி கணக்கு மென்பொருளும், கொள்முதல் முதல் சம்பளம் வரை நிர்வகிக்கும் ஈஆர்பி மென்பொருளும் ஒரே பெட்டியில் ஓடும் ஒரு நிறுவனம் அந்த எண்ணைத் தனக்கு அளவுகோலாக வைத்துக்கொள்வது சரியல்ல.

நான் முதலில் பார்ப்பது வாரண்டியை. பெரும்பாலும் 3 ஆண்டுகளுக்கு வாரண்டி வரும். வாங்கும்போதே கூடுதலாகக் கொடுத்தால் 5 ஆண்டுகள் வரை நீட்டிக்கலாம், அப்படி நீட்டித்து வாங்குவதையே நான் பரிந்துரைக்கிறேன். அந்தக் காலம் முடிந்த பிறகு ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டுக்கொள்ளலாம்தான், ஆனால் ஒப்பந்தத்தில் "உதிரிபாகம் கிடைப்பதைப் பொறுத்து" என்ற வரி இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். சர்வரின் மதர்போர்டு, பவர் சப்ளை, ரெய்டு கன்ட்ரோலர் (ஒரு டிஸ்க் பழுதானாலும் தரவு போகாதபடி பல டிஸ்குகளை இணைக்கும் ரெய்டு முறையை இயக்கும் அட்டை) ஆகியவை பெரும்பாலும் அந்தந்த மாடலுக்கே உரியவை. சாதாரணக் கணினியின் பாகத்தைக் கொண்டுவந்து பொருத்திவிட முடியாது. உற்பத்தியாளர் அவற்றை நிறுத்திய பிறகு, சென்னை ரிச்சி தெருவில் யாரிடமாவது பழைய பாகம் இருக்குமா என்று ஆள் அனுப்பித் தேட வேண்டியதுதான்.

அடுத்தது ஹார்ட் டிஸ்க். ரெய்டு இருப்பதால் தரவு பத்திரமாக இருக்கிறது என்ற நம்பிக்கையைத்தான் நான் எல்லாவற்றையும்விட ஆபத்தானதாகக் கருதுகிறேன். ஒரு பின்னலாடை நிறுவனத்தில் மூன்று டிஸ்குகளை ரெய்டு 5 முறையில் இணைத்து வைத்திருந்தார்கள். அம்முறையில் ஒரு டிஸ்க் பழுதானாலும் மற்ற இரண்டைக் கொண்டு வேலை தடையின்றி நடக்கும். நடந்தது, அதனாலேயே ஒரு டிஸ்கின் விளக்கு மஞ்சளாக மாறியதை யாரும் பொருட்படுத்தவில்லை. சர்வருக்கு முன்னால் சாம்பிள் துணிப் பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்ததால் பலருக்கு அந்த விளக்கு தெரியவே இல்லை. வாரண்டி முடிந்திருந்தபடியால் மாற்று டிஸ்கைத் தேடி வாங்கவே நாளாயிற்று. அதைப் பொருத்தியதும் கன்ட்ரோலர் மற்ற இரு டிஸ்குகளையும் முதலிலிருந்து கடைசிவரை படித்துப் புதியதை நிரப்பத் தொடங்கும். ஆண்டுக்கணக்கில் ஒரே வெப்பத்தில் ஓடித் தேய்ந்த டிஸ்குகளுக்கு அதைவிடக் கடுமையான வேலை இல்லை. அந்த வேலையின் நடுவில் இரண்டாவது டிஸ்கும் பழுதானது. பேக்கப் இருந்தது, ஆனால் பல வாரங்களுக்கு முந்தையது. இடைப்பட்ட நாள்களின் பில், வவுச்சர், சம்பளக் கணக்கு அனைத்தையும் காகிதத்தைப் பார்த்து மீண்டும் பதிந்த கணக்குப் பிரிவினர் பட்ட பாடு இப்போதும் என் மனத்தை விட்டு அகலவில்லை.

ஆகவே, ஒரே காலத்தில் வாங்கிய டிஸ்குகளில் ஒன்று வயதால் பழுதானால், மற்றவையும் அதே கட்டத்தை நெருங்குகின்றன என்று கொள்ள வேண்டும். அதே ஆண்டில் இரண்டாவது டிஸ்கும் மாற்றப்பட்டால், அந்தச் சர்வருக்கு மாற்று வாங்கும் பேச்சை நான் தொடங்கிவிடுவேன்.

"சர்வர் ஸ்லோவாக இருக்கிறது" என்பதை மட்டும் காரணமாக வைத்துப் புதியது வாங்குவதை நான் ஏற்பதில்லை. ரேம் போதாமை, பராமரிக்கப்படாத டேட்டாபேஸ், பழைய நெட்வொர்க் சுவிட்ச் இவற்றில் ஏதோ ஒன்று காரணமாக இருக்கலாம். ரெய்டு கன்ட்ரோலரின் பேட்டரி செத்துப்போனால்கூட, எழுதும் வேகம் திடீரென்று குறையும். பேட்டரியை மாற்றினாலே பழைய வேகம் திரும்பிவிடும். நல்ல நிலையில் உள்ள மூன்று வயதுச் சர்வருக்கு ரேமும் எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்கும் சேர்ப்பது சிக்கனமான முடிவு. ஏழு வயதுச் சர்வருக்கு அதே செலவைச் செய்வது வீண்.

இயந்திரம் திடமாக இருந்தாலும் அதில் ஓடும் மென்பொருளின் காலக்கெடு முந்திக்கொள்வது உண்டு. விண்டோஸ் சர்வர் இயங்குதளத்தின் 2012, 2012 ஆர்2 பதிப்புகளுக்கான மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2023 அக்டோபர் 10ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் சர்வர் 2016க்கு 2027 ஜனவரி 12ஆம் தேதியும், எஸ்க்யூஎல் சர்வர் 2016 என்ற டேட்டாபேஸ் மென்பொருளுக்கு 2026 ஜூலை 14ஆம் தேதியும் இறுதி நாள்கள். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னகிரை என்ற தீநிரல் பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் (திருத்த மென்பொருள்) மார்ச்சிலேயே வந்திருந்தது. அதைப் போடாதவர்களே பெரும்பாலும் சிக்கினார்கள். ஆதரவு முடிந்த சர்வருக்கு அத்தகைய பேட்ச் வழக்கமாக வருவதே இல்லை. சர்வரோடு சேர்த்து வாங்கிய ஓஇஎம் (இயந்திரத்தோடு விற்கப்படும்) லைசென்ஸ் அந்த இயந்திரத்துக்கு மட்டுமே செல்லும் என்பதால், பழைய பெட்டிக்குப் புதிய லைசென்ஸ் வாங்குமுன் அந்தப் பெட்டி இன்னும் எத்தனை ஆண்டு உழைக்கும் என்று கணக்கிடுவது அவசியம்.

மின்சாரத்தை மிச்சப்படுத்தலாம் என்று சொல்லியும் புதிய சர்வர் விற்கிறார்கள். 400 வாட் இழுக்கும் சர்வர் இரவும் பகலும் ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 3,500 யூனிட் ஆகும். ஏசியின் செலவு தனி. இதில் ஒரு பகுதி மிஞ்சினாலும், ஒரே ஒரு சர்வர் உள்ள நிறுவனத்தில் அது முடிவைத் தீர்மானிக்கும் தொகை அல்ல. ஒரு வேலைநாள் முழுவதும் சர்வர் நின்றால் என்ன நட்டம் என்பதே எழுதிப் பார்க்க வேண்டிய கணக்கு: பில் போட முடியாமல் வாசலில் நிற்கும் லாரி, தூத்துக்குடியில் கப்பலைத் தவறவிடும் கன்டெய்னர், சும்மா உட்கார்ந்திருக்கும் ஊழியர்களின் சம்பளம். இரண்டு மூன்று நாள் நிற்பதால் வரும் நட்டம் புதிய சர்வரின் விலையை எட்டும் என்றால், வாரண்டி முடியும் ஆண்டிலேயே மாற்றிவிடுங்கள். காகிதத்தை வைத்தே ஒரு வாரம் சமாளிக்கக்கூடிய தொழில் என்றால், நல்ல பேக்கப்போடு இன்னும் ஓரிரு ஆண்டு ஓட்டலாம். கிளவுடுக்குப் போவதென்று முடிவெடுத்தாலும் இதே கணக்கைப் போட வேண்டும். அங்கே இணைய இணைப்பு அறுபடும் நாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முடிவெடுத்த பிறகு நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. ஆண்டு முடிவான மார்ச்சிலும், ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாள்களிலும் இந்த வேலையைத் தொடவே கூடாது. திருப்பூரில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஆலைகள் தொடர்ந்து மூடியிருக்கும் நாள்கள் இதற்கு மிகவும் ஏற்றவை. பேக்கப்பைப் புதிய சர்வரில் மீட்டெடுத்து, சென்ற மாதத்து இருப்புநிலையும் சரக்கு இருப்பும் பழையதோடு ஒத்துப்போகின்றனவா என்று கணக்காளரே பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் பணியாளர்களை அதற்கு மாற்ற வேண்டும். பழைய சர்வரை நெட்வொர்க்கிலிருந்து பிரித்து, ஒரு ஜிஎஸ்டி காலாண்டு முடியும்வரையாவது அப்படியே வைத்திருங்கள். அதன் பிறகு பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்கலாம். அதற்கு முன், ஊழியர்களின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு விவரமும் அந்த டிஸ்குகளில் இருக்கும் என்பதால், அவற்றைக் கழற்றி, தரவை மீட்க முடியாதபடி அழித்து, யார் எந்த நாளில் அழித்தார் என்பதை எழுதிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.