மெனிபோல்ட்: போல்ட்டும் இல்லை, பன்மடியும் இல்லை

கொழும்பு பழைய சோனகத் தெருவில் ஒரு ஹாட்வெயார் கடையில், "மெனிபோல்ட் செய்யச் சாமான் வேணும்" என்றேன். "என்ன சைஸ் போல்ட், தம்பி?" என்று நட்டு போல்ட் பெட்டிப் பக்கம் திரும்பினார் கடைக்காரர். அவர் மேல் பிழையில்லை. நான் கேட்ட மெனிபோல்ட் (manifold), பல குழாய்கள் ஒரு குழாயோடு சேரும் அமைப்பு; எனக்கு அது மீன் தொட்டிக்கு வேண்டியிருந்தது. அந்தச் சொல்லுக்குள் குழாய் எங்கே இருக்கிறது?

முன்பு இருந்தது. பழைய ஆங்கிலத்தில் 'பல' என்பதும் 'மடிப்பு' என்பதும் சேர்ந்து உண்டான பெயரடை இது; பலவகையான, பன்மடங்கான என்று பொருள். நாமும் மடிப்பதிலிருந்துதான் எண்ணிக்கைக்குப் போனோம்: மடி, மடங்கு, இருமடங்கு. இரண்டு மொழிக்கும் உறவில்லை, யோசனை மட்டும் ஒன்று. 19ஆம் நூற்றாண்டில் பொறியியல் பக்கம் வந்தபோது பின்னால் 'குழாய்' என்ற சொல்லும் ஒட்டியிருந்தது. அப்புறம் அது உதிர்ந்து, அடைமொழி மட்டும் பெயராக நின்றுவிட்டது. எஞ்சினில் பல சிலிண்டர்களின் புகையை ஒன்றாக்கி வெளியேற்றுவதற்கும் அதே பெயர்தான்.

மீன் தொட்டியில் வேலை நேர்மாறு, ஒன்று பலவாகிறது. மேல் தொட்டியில் வழியும் நீர், கீழே அலுமாரிக்குள் இருக்கும் சம்ப் என்ற வடிகட்டும் தொட்டிக்கு இறங்கும். (சம்ப் என்றால் மூலத்தில் சதுப்பு நிலம். கழுவாத சம்ப்பை முகர்ந்தவர்கள் மறுக்கமாட்டார்கள்.) அங்கே சுத்தமான நீரை ஒரு பம்ப் மேலே திருப்பி அனுப்பும். அந்த வழியில் ஒரு பிவிசி குழாயைக் கிடையாக வைத்து, டீ (T வடிவ இணைப்பு) பூட்டி நாலு கிளை எடுத்து, கிளைக்கொரு வால்வு வைத்தால் அதுதான் ரிட்டர்ன் மெனிபோல்ட். உதாரணமாக, ஒரு கிளை மேல் தொட்டிக்கு, ஒன்று கிருமி கொல்லும் புறஊதா விளக்குக்கு, ஒன்று ரியாக்டருக்கு (நீரைப் பதப்படுத்தும் பொருள் நிரப்பிய குடுவை). தனித்தனி பம்ப் தேவையில்லை. ஆனால் கிடையாக வைத்த நடுக்குழாய் கிளைகளைவிட விட்டம் கூடியதாக இருக்க வேண்டும். ஒடுங்கிய குழாய் என்றால் ஒரு வால்வைத் திருகும்போதெல்லாம் மற்றக் கிளைகளின் ஓட்டமும் மாறி உயிரை வாங்கும். கரண்ட் போனால் மேலே நீரில் மூழ்கியிருக்கும் குழாய் வாய் வழியாகத் தண்ணீர் திரும்பி இறங்கும் என்பதால், சம்ப்பில் அதற்கும் இடம் விட வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பன்மடி என்று எழுதுவோர் உண்டு. குழாய் உதிர்ந்தபின் மிஞ்சிய பாதியை மட்டும் மொழிபெயர்த்த சொல் அது. மடிப்பு எதுவும் இல்லாத ஒரு பொருளுக்கு ஒட்டவில்லை. கிளைக்குழாய் என்றால் பிரிந்து போகும் ஒவ்வொன்றுக்கும் அது பெயராகிவிடும், பிரித்துக் கொடுப்பதற்குப் பெயரில்லாமல் போகும். என் வாக்கு பல்கிளைக்குழாய்க்கு. ரிட்டர்னையும் சேர்க்க வேண்டுமென்றால் மீள்நீர்ப் பல்கிளைக்குழாய். நீளம்தான், எழுத்தில் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கடையில் அதைக்கூடச் சொல்லவில்லை. "ஒரு பைப்பில இருந்து நாலு லைன் பிரிக்கணும்" என்றேன். "ஓ, கிளை எடுக்கவா?" என்றவர், கேட்காமலே நாலு டீயையும் நாலு வால்வையும் எடுத்து வைத்தார்.