மோதலைக் குறிக்கப் போய் ரெப்ளிகேஷனே நின்ற இரவு

முதலில் ஒரு சொல் சிக்கல். தரவுத்தளத்தில் ஒருவர் டேபிளைப் பயன்படுத்தும்போது மற்றவரைக் காக்க வைக்கும் பூட்டும் தமிழ் எழுத்தில் 'லாக்', நடந்ததை எழுதிவைக்கும் பதிவும் 'லாக்'. இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால் வாசிப்பவர் பாடு திண்டாட்டம். அதனால் இங்கே பூட்டு, பதிவு என்றே எழுதுகிறேன்.

நான் பராமரித்த ஒரு போஸ்ட்கிரெஸ் (தரவுத்தள மென்பொருள்) அமைப்பில் இரண்டு சர்வர்களுக்கு இடையே லாஜிக்கல் ரெப்ளிகேஷன் ஓடியது; ஒன்றில் நடக்கும் மாற்றங்கள் ரோ ரோவாக மற்றதற்கு நகலாகும். வாங்கும் பக்கத்திலும் சில அப்ளிகேஷன்கள் நேரடியாக எழுதும். ஒரே பிரைமரி கீ (ரோவின் தனி அடையாளம்) இரு பக்கமிருந்தும் வந்து மோதுவது அங்கே சகஜம். அப்படி மோதினால், வந்த மாற்றத்தை எழுதும் அப்ளை வொர்க்கர் எரர் கொடுத்து நின்றுவிடும். இயல்பு அமைப்பில் 5 வினாடி கழித்து மறுபடி கிளம்பி, அதே ரோவில் போய் முட்டும். இதைத் தவிர்க்க ஒரு ட்ரிகர் (ரோ எழுதப்படும்போது தானாக ஓடும் சிறு நிரல்) வைத்தோம். கீ ஏற்கெனவே இருந்தால், வந்த ரோவை மோதல் பதிவு டேபிளில் எழுதிவிட்டு, மூல டேபிளில் நுழைக்காமல் விட்டுவிடும். (ரெப்ளிகேஷன் வழியாக வரும் ரோவுக்குச் சாதாரண ட்ரிகர் ஓடாது. 'எனேபிள் ரெப்ளிகா' கொடுக்க வேண்டும். இது தெரியாமல் அரை நாள் போனது.)

பதிவு டேபிள் பெருக்கக் கூடாதென்று தினமும் இரவு 2 மணிக்கு ஒரு கிரான் (நேரம் குறித்து ஓடும் வேலை) அதை ட்ரங்கேட் செய்யும், அதாவது மொத்தமாகக் காலி செய்யும். பல மாதம் எந்தத் தொல்லையும் இல்லை. ஒரு நாள், 1 மணிக்குத் தொடங்கிய பிஜி டம்ப் பேக்கப் 2 மணிக்குள் முடியவில்லை.

டம்ப் எல்லா டேபிளிலும் 'ஆக்சஸ் ஷேர்' பூட்டை முடியும்வரை பிடித்திருக்கும். இருப்பதிலேயே மென்மையான பூட்டு அது. இன்சர்ட்டுக்குத் தேவையான 'ரோ எக்ஸ்க்ளூசிவ்' பூட்டோடு அதற்குச் சண்டையே இல்லை. ட்ரங்கேட்டுக்கோ 'ஆக்சஸ் எக்ஸ்க்ளூசிவ்' வேண்டும், அது எவரோடும் ஒத்துப்போகாது. எனவே டம்ப் முடியட்டும் என்று ட்ரங்கேட் காத்து நின்றது. வினை அங்கேதான். பூட்டுக்கு வரிசை உண்டு. முன்னால் நிற்பவரைத் தாண்டிப் பின்னால் வருபவர் நுழைய முடியாது. அடுத்த மோதல் வந்ததும் ட்ரிகரின் இன்சர்ட் ட்ரங்கேட்டுக்குப் பின்னால் போய் நின்றது. அந்த இன்சர்ட் நடப்பது அப்ளை வொர்க்கரின் ட்ரான்சாக்‌ஷனுக்குள். ட்ரான்சாக்‌ஷன் என்பது ஒன்றாகவே முடியும் வேலைத் தொகுதி; அது முடியாமல் அடுத்தது நகராது. மொத்த ரெப்ளிகேஷனும் நின்றது.

எரர் ஒன்றும் வரவில்லை. இது டெட்லாக் (இருவர் ஒருவருக்காக ஒருவர் காத்து முடங்குவது) அல்ல, வெறும் காத்திருப்பு; போஸ்ட்கிரெஸ் அதைக் கண்டுகொள்ளாது. பூட்டுக்கான டைம்அவுட் இயல்பில் 0, அதாவது வரம்பே கிடையாது. (வேறொரு தரவுத்தளமான மைஎஸ்கியூஎல்லில் மெட்டாடேட்டா பூட்டுக்கு வரம்பு உண்டு: 31536000 வினாடி. சரியாக ஒரு வருடம்!) முதல் அலாரம் அடித்தது அனுப்பும் பக்கத்து டிஸ்க். மறுபக்கம் எதுவரை வாங்கியது என்று குறித்துவைக்கும் ஸ்லாட் நகராததால், மாற்றங்களை வரிசையாக எழுதிவைக்கும் வால் (WAL) கோப்புகள் பெயருக்கேற்ப நீண்டுகொண்டே போயின.

ஓடும் வேலைகளைக் காட்டும் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியில் அப்ளை வொர்க்கர் பூட்டுக்காகக் காத்திருப்பது தெரிந்தது. அதன் பிஐடியை (செயல் எண்), யார் தடுக்கிறார் என்று சொல்லும் பிஜி பிளாக்கிங் பிட்ஸில் கொடுத்தால் ட்ரங்கேட் வந்தது. ட்ரங்கேட்டுடையதைக் கொடுத்தால் டம்ப். ட்ரங்கேட்டை கேன்சல் செய்த மறு நொடியே ரெப்ளிகேஷன் ஓடத் தொடங்கியது. டம்ப்பைத் தொடவே இல்லை.

பிறகு செய்த மாற்றங்களில் முக்கியமானது ட்ரிகரில்தான். எழுதும் முன், எக்செப்ஷன் பிளாக்குக்குள் பதிவு டேபிளுக்கு 'ரோ எக்ஸ்க்ளூசிவ்' பூட்டை 'நோவெயிட்' (காத்திருக்காதே) போட்டுக் கேட்கும். கிடைக்காவிட்டால் எரர் 55பி03 வரும். அதைப் பிடித்து, மோதல் விவரத்தை 'ரெய்ஸ் லாக்' மூலம் சர்வர் பதிவுக்குத் தள்ளிவிட்டு மேலே போகும். உண்மையில் இப்போது எல்லா மோதலையும் சர்வர் பதிவிலும் எழுதுகிறோம். காரணம் வேறு: அதே ட்ரான்சாக்‌ஷனில் பின்னால் எது தோற்றாலும் டேபிளில் எழுதிய மோதல் ரோவும் ரோல்பேக்கில் (செய்ததைத் திரும்பப் பெறுவதில்) சேர்ந்தே போய்விடும். சர்வர் பதிவுக்கு ரோல்பேக் கிடையாது. 18ஆம் பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸ்ஸே மோதல் வகைகளைப் பெயரிட்டுச் சர்வர் பதிவில்தான் எழுதுகிறது.

ட்ரங்கேட்டை எடுத்துவிட்டோம். ஒரு நாளில் சில நூறு ரோ வரும் டேபிளுக்கு டெலீட்டும், நீக்கிய ரோக்களின் இடத்தைத் தானாக மீட்கும் ஆட்டோவேக்யூமும் தாராளம். இரண்டுமே இன்சர்ட்டைத் தடுக்காது. லட்சக்கணக்கில் வந்தால் நாள்வாரியாகப் பார்ட்டிஷன் பிரித்து, பழையதை 'டிடாச் கன்கரன்ட்லி' மூலம் கழற்றலாம். இந்த வசதி 14ஆம் பதிப்பில் வந்தது. ஆனால் லட்சக்கணக்கில் மோதல் வருகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது பதிவு டேபிளை அல்ல, யார் எங்கே எழுதுகிறார்கள் என்பதை. அனுப்பும் பக்கத்தில் ஸ்லாட்டுக்கான வால் அளவுக்கு உச்சவரம்பு வைப்பதும் யோசிக்கத்தக்கது. வரம்பு மீறினால் ஸ்லாட் செல்லாமல் போகும், மறுபடி முழு நகல் எடுக்க நேரிடும் என்ற கணக்கோடு.

உங்கள் அமைப்பு எப்படி என்று பார்க்கச் சோதனைச் சர்வரில் மூன்று சாளரம் போதும். வாங்கும் பக்கத்தில், ஒன்றில் பிகின் (ட்ரான்சாக்‌ஷன் தொடக்கம்) போட்டு, பதிவு டேபிளில் ஒரு செலக்ட் செய்து அப்படியே விடுங்கள். இரண்டாவதில் ட்ரங்கேட், அது தொங்கும், தொங்கட்டும். மூன்றாவதில், அனுப்பும் பக்கத்திலிருந்து மோதும் ரோ ஒன்றையும் அதன் பின்னால் மோதாத ரோ ஒன்றையும் எழுதுங்கள். இரண்டாவது ரோ மறுபக்கம் போய்ச் சேர்ந்ததா?